காரில் ஒரு கடற்கரை நாள்: சாங்கியா, ஈஸ்ட் கோஸ்ட்டா, சுங்கை பூலோவா?

சிங்கப்பூரில் கடலோரமாக ஒரு நாள் காரில் போய்வர எந்த இடம் நல்லது என்று யார் கேட்டாலும் தீவின் கிழக்கு முனையிலுள்ள சாங்கி என்றுதான் சொல்கிறேன். ஜூன் பள்ளி விடுமுறையில் கும்பகோணத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். எங்களிடம் சொந்தக் கார் கிடையாது. கார் வாங்குவதற்கான உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, விற்கும் விலையில் அதை நினைத்தும் பார்ப்பதில்லை. ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுத்து, பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எங்கே போகலாம் என்று ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா, சுங்கை பூலோ, சாங்கி நான்கையும் எடைபோட்டுப் பார்த்தோம். சாங்கிக்குப் போனோம். அந்தத் தேர்வு சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் அதுவே பொருந்திவிடாது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர் வழிநெடுகக் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஆசைப்படுவார். அந்த ஆசையோடு இங்கே காரை எடுக்கக் கூடாது. கிழக்கிலிருந்து மேற்காக இந்தத் தீவின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போக்குவரத்து நெரிசல் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்திலும் கடல் கண்ணில் படுவது அபூர்வம். ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலை என்று பெயர் இருக்கிறதே தவிர, அதில் போகும்போது தெரிவதெல்லாம் இருபுறமும் குடைவிரித்த தூங்குமூஞ்சி மரங்கள்தான். அழகான சாலை, மறுக்கவில்லை. ஆனால் கடல் மரங்களுக்கும் பூங்காவுக்கும் அப்பால் ஒளிந்திருக்கிறது. தென்மேற்கில் பாசிர் பாஞ்சாங் துறைமுகமும் ஜூரோங் தீவும் துவாஸும் கரையை எடுத்துக்கொண்டுவிட்டன. வடமேற்கில் பல இடங்களில் வேலிதான் வரவேற்கும். ஆகவே இங்கே நாம் தேடவேண்டியது கடலோரச் சாலையை அல்ல, காரை நிறுத்துவதற்கு ஏற்ற கடலோரத்தை.

இப்படிப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது. காரின் கதவைத் திறந்து இறங்கினால் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

இளைஞர்கள் நான்கு பேர் போகும் பயணத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் முழங்கால் வலியுள்ள மாமனார், வெயிலில் கொஞ்சம் நடந்தாலே தலைசுற்றும் மாமியார், மாற்று உடை, துண்டு, தண்ணீர்ப் புட்டிகள், டிபன் கேரியர், பாய், மணல் விளையாட்டுச் சாமான் என்று புறப்படும் குடும்பத்துக்கு அதுதான் எல்லாமே. நாம் கார் எடுப்பதே இதற்காகத்தானே? இந்தத் தீவில் கடற்கரைக்குப் போக பஸ் இருக்கிறது. சாமானும் பெரியவர்களும் இருப்பதால்தான் கார் தேவைப்படுகிறது. அந்தக் காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடக்க வேண்டுமென்றால் வாடகை கொடுத்ததற்குப் பொருளே இல்லை.

தெற்கே தனித் தீவாக இருக்கும் செந்தோசா முதல் சுற்றிலேயே விலகிவிட்டது. கார் உள்ளே நுழையவே கட்டணம். நிறுத்துமிடத்திலிருந்து மணலுக்குப் போக நடக்கவோ, தீவுக்குள் ஓடும் வண்டியில் ஏறவோ வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே கொண்டாட்டம்தான். ஆனால் அது தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலிலும் மோனோரயிலிலும் போய்வர வேண்டிய இடம். காருக்கு அங்கே வேலையில்லை.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை அப்படிச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. 1960களில் தொடங்கிய நிலமீட்பில் கடலிலிருந்து எடுத்த மண் அது. இன்று சுமார் 185 ஹெக்டேர் பரப்பில், 15 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. லகூன் உணவங்காடி நிலையத்தில் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) வாங்கிக்கொண்டு கடற்காற்றில் உட்காரும் சுகத்தைச் சாங்கியில் எதிர்பார்க்க முடியாது. சைக்கிள் ஓட்டும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் கேள்வியே இல்லை, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கே போங்கள். பிடோக் படகுத்துறையின் முனைவரை நடந்துபோய், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துவிட்டு வருவது பெரியவர்களுக்கும் பிடிக்கும்.

ஆனால் அங்கே கார் நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் பூங்காவின் உள்புறத்தில், சாலையை ஒட்டி இருக்கின்றன. காருக்கும் மணலுக்கும் இடையில் புல்வெளி, நடைபாதை, சைக்கிள் பாதை. தூரம் பெரிதில்லை. சைக்கிள் பாதையைக் கடப்பதுதான் பாடு. சனி, ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வாடகைச் சைக்கிளில் வருவார்கள். ஓட்டப் பழகும் சிறுவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மெதுவாக நடக்கும் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அதைக் கடக்கும்போது நமக்குத்தான் படபடப்பு. எதையாவது காரில் மறந்துவிட்டு வந்தால் அதே கடப்பு மறுபடியும். நாள் முழுதும் காரையே வீடுபோல் வைத்துக்கொள்ள வேண்டிய கூட்டத்துக்கு அது ஒத்துவராது.

சுங்கை பூலோ வேறு ரகம். 1993இல் திறக்கப்பட்ட அந்தச் சதுப்புநிலக் காப்பகம், 2003இல் ஆசியான் மரபுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கட்டணம் இல்லை. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, சைபீரியா போன்ற தொலைவுகளிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் அலையாத்திக் காட்டுச் சேற்றில் இரை தேடுவதைப் பார்க்கலாம். உவர்நீர் முதலைகளும் இருக்கின்றன. பாலத்தின்மேல் பாதுகாப்பாக நின்று பார்க்கலாம். காலையில் அங்கே போய், திரும்பும் வழியில் கிராஞ்சி போர் நினைவகத்தையும் பார்த்தால் மிக நிறைவான அரை நாள். தீவின் மேற்கே ஜூரோங், சுவா சூ காங் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். வாடகைக் காரில் கிலோமீட்டருக்கும் காசு கணக்கிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. மேற்கிலிருந்து சாங்கிக்குப் போய்த் திரும்பினால் அது கணிசமாக ஏறும்.

ஆனால் அங்கே காலை நனைக்க முடியாது, மணலில் விளையாட முடியாது. காரை நுழைவாயிலில் விட்டுவிட்டு நடந்தால்தான் எதையும் பார்க்கலாம். பறவைகள் வரும் பருவத்தில் மட்டுமே நான் போயிருக்கிறேன். ஜூனில் சின்னப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு சுவைக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

இனி சாங்கி. நிக்கல் டிரைவ் என்ற சாலைதான் எல்லாவற்றுக்கும் காரணம். சாங்கி கடற்கரைப் பூங்கா அகலம் குறைந்த, நீளமான பூங்கா: 28 ஹெக்டேர், 3.3 கிலோமீட்டர். சாலை அதை ஒட்டியே ஓடுகிறது. கார் நிறுத்துமிடங்கள் வரிசையாக எண் போட்டு அமைந்திருக்கின்றன. அங்கே காரை நிறுத்தினால் எதிரே ஒரு துண்டுப் புல்வெளி, சவுக்கும் தென்னையும் நாட்டு வாதுமையும் நிற்கும் ஒரு வரிசை, அதற்கப்பால் மணல், தண்ணீர். அவ்வளவுதான். என் மாமியார் காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. முன்னிருக்கையில் கதவைத் திறந்துவைத்து, பாதங்களைப் புல்லில் ஊன்றி, மடியில் டிபன் கேரியரின் மேல்தட்டை வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டபடியே பேரப்பிள்ளைகள் மணலில் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்பிள்ளை, நீங்கள் போய்ப் பிள்ளைகளைப் பாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன், எனக்கு எல்லாம் தெரிகிறது” என்றார். வேறெந்தக் கரையிலும் இந்த வாக்கியத்தை அவரால் சொல்லியிருக்க முடியாது.

இங்கே நிழலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்திய காரில் இன்ஜினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். ஆகவே கார் மரநிழலில் நின்றால்தான் அதை ஓய்விடமாகப் பயன்படுத்த முடியும். சாங்கிக் கரை வடகிழக்கைப் பார்த்தது. காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து ஏறுவதால் மரங்களின் நிழல் நிலத்தின் பக்கம், கார்களை நோக்கி விழுகிறது. பிற்பகலில் நிழல் மணல் பக்கம் சாய்ந்துவிடும். அப்போது கார் வெயிலில், மணல் குளிர்ச்சியில். காரைச் சார்ந்திருக்கும் பெரியவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். பிள்ளைகள் மட்டும் என்றால் நான்கு மணிக்குமேல் போனாலும் போதும்.

ஜூனில் இந்தக் கரைக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்துகொள்கிறது. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை வடக்கிலிருந்து வருவதால் சாங்கிக் கடற்கரையின் தலைக்குமேல் தாழ்ந்து போகின்றன. சக்கரங்கள் இறங்கியிருப்பதும், அடிவயிற்றில் எழுதியிருக்கும் எழுத்தும் கண்ணாடி போடாமலே தெரியும். என் சின்ன மகன் ஒவ்வொன்றுக்கும் கையசைத்தான். டிசம்பரில் காற்று திரும்பிவிடும், இறங்கும் திசையும் மாறிவிடும். கைக்குழந்தை இருந்தால் இந்த இரைச்சல் தொந்தரவாகவும் இருக்கலாம்.

எதிரே தெரியும் பெரிய தீவு புலாவ் தெக்கோங். மகன்களைத் தேசிய சேவைக்கு அனுப்பிய வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். அடிப்படை ராணுவப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. இதே கரையிலுள்ள ஆயுதப்படைப் படகு முனையத்திலிருந்துதான் பிள்ளைகள் ஏறிப்போகிறார்கள். இந்த மணலுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியப் படையினர் 66 ஆண்களை இந்தக் கரையில் நீர்விளிம்பில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். பூங்காவில் அதற்கு நினைவுக் கல் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

வெயில் ஏறியதும் சாங்கி வில்லேஜுக்குக் காரை நகர்த்திவிடலாம். அங்கே ஸ்ரீ ராமர் ஆலயம் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துவிடலாம். உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக் கடைகளுக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தே எது பேர்பெற்றது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்தோ வீட்டிலிருந்தோ கட்டிக்கொண்டு வருவதே நல்லது. உணவு வகையில் சாங்கி ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு ஈடாகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வார இறுதியில் வில்லேஜில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் கடினம். பதினொன்றரைக்கு முன்பே போய்விட்டால் தப்பிக்கலாம். உச்சி வெயில் நேரத்துக்குச் சாங்கி தேவாலய அரும்பொருளகம் அருகில்தான். போர்க்கைதிகளின் வாழ்க்கையைச் சொல்லும் அந்த இடத்தில் என் மாமனார் எங்களையெல்லாம் மறந்து நின்றுவிட்டார்.

படகேறி உபின் தீவுக்குப் போகலாமே என்று சிலர் ஆசைப்படுவார்கள். போகலாம், பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ஆனால் படிக்கட்டிலிருந்து ஆடும் படகில் கால்வைத்து இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. உபினுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மாலைக்குச் சாங்கியை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். முனையைச் சுற்றிக் கரை திரும்புவதால், காலையில் சூரியன் எழுவதைப் பார்த்த அதே வட்டாரத்தில் அது மறைவதையும் பார்க்கலாம். இந்தக் கணக்கு ஈஸ்ட் கோஸ்ட்டிலும் இல்லை, சுங்கை பூலோவிலும் இல்லை. சாங்கி முனை கடலோர நடைபாதை 2.2 கிலோமீட்டர் நீளம். அதில் கெலோங் நடை என்று பெயரிட்ட பகுதி நீருக்குமேல் பலகை போட்டது. சூரிய அஸ்தமன நடை என்றும் ஒரு பகுதி உண்டு. எதிரே உபினின் மரவரிசை. முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை. முடிந்த வரை போய்த் திரும்பலாம். சக்கர நாற்காலியோடு நான் அங்கே போனதில்லை. அப்படிப் போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வானிலை ஆய்வகத்தின் நீரேற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடு மாதங்களில் பெரிய வற்றங்கள் விடியலையொட்டி வரும். நீர் உள்வாங்கிய மணலில் நட்சத்திர மீனும் கடற்புல்லும் தெரியும். பிள்ளைகள் பார்க்கட்டும், எதையும் எடுக்க வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். அதே மாதங்களில் சுமத்ரா சூறைக்காற்று அதிகாலையில் மேற்கிலிருந்து வருவதுண்டு. வந்தால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம், காரிலேயே காத்திருக்கலாம். சூரியன் மறைய ஏழு மணிக்கு மேலாகிவிடும். பிள்ளைகளின் கால் மணலைக் கழுவி, துணி மாற்றி, எல்லாரும் ஏறி உட்கார இன்னும் அரை மணி. காரைத் திருப்பித் தரும் நேரத்தை ஒன்பது மணிக்குக் குறையாமல் பதிவுசெய்து கொள்ளுங்கள்.