மலிவு விலை 4-ம் எண் இரும்பு இழைப்புளி: வாங்கலாம், ஆனால்…

பெட்டியைப் பிரித்த கையோடு பலகையில் ஓட்டினால் இந்த இழைப்புளி ஏமாற்றும். பிளேடைத் தீட்டி அனுப்புவதில்லை; 25 டிகிரிச் சாய்வில் கிரைண்டரில் பிடித்ததோடு சரி. ஆனால் வார்ப்பு கனமாக, நன்றாகவே இருக்கிறது. வடிவம் ஸ்டான்லி கம்பெனி 1869-லிருந்து விற்ற அதே 4-ம் எண்: ஏறக்குறைய ஒன்பதரை அங்குல நீளம், இரண்டு அங்குலப் பிளேடு, அது சாய்ந்து உட்காரும் கோணம் 45 டிகிரி.

பெரிய குறை பிளேடின் மேல் திருகியிருக்கும் தகட்டில். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: இரண்டு மூலையும் பிளேடைத் தொடும், நடுவில் வெளிச்சம் தெரியும். அந்த இடுக்கில்தான் சீவல் நுழைந்து மடிந்து வாயை, அதாவது அடிப்பக்கத்தில் பிளேடு வெளியே வரும் துளையை, அடைக்கிறது. கூர் போதவில்லை என்று பிளேடைத் தீட்டிக்கொண்டே இருப்பது வீண் வேலை. தகட்டின் வால் பக்கத்தைத் தீட்டுக்கல்லின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, நுனி மட்டும் உரசும்படி வெளிச்சம் மறையும்வரை தேயுங்கள். மாட்டும்போது பிளேடு நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். முறுக்கு ரேகை மரத்துக்கு அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ. இல்லாவிட்டால் நார் பிய்ந்து வரும்.

பிளேடின் தட்டைப் பக்க நுனியை முதலில் மட்டமாக்கி, பிறகு 1000 நெம்பர் தீட்டுக்கல்லில் 30 டிகிரியில், மறுபக்கம் தடவினால் தட்டுப்படும் மெல்லிய பிசிர் எழும்வரை தீட்ட வேண்டும். எஃகு சுமார்தான், அடிக்கடி தீட்ட வேண்டிவரும்.

அடிப்பக்கத்தில் வாய்க்குப் பின்னால் லேசான குழி இருந்தால் கவலை இல்லை. முன்முனை, வாய்க்கு முன் விளிம்பு, பின்முனை மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். தடித்த கண்ணாடியில் 120 நெம்பர் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கலாம். பிளேடை உள்ளே இழுத்து, அதை அழுத்திப் பிடிக்கும் லீவரை இறுக்கிய பிறகே தேயுங்கள். அந்த இறுக்கத்தில் உடம்பே கொஞ்சம் வளையும். கண்ணாடிபோல் மினுங்கவைக்கத் தேவையில்லை.

பிளேடை ஏற்றி இறக்கும் ஆழத் திருகு அரைச் சுற்று வெறுமனே சுழலும். கடைசித் திருப்பம் எப்போதும் பிளேடை வெளியே தள்ளும் பக்கமாக இருந்தால் தொல்லை இல்லை. கைப்பிடி விளிம்பு கையை அறுக்கிறது, உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள்.

வாயோரம் விரிசலோ, அடிப்பக்கத்தில் முறுக்கோ தெரிந்தால் மட்டும் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.