மூன்று படி இருந்த வீடு

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் விமானம், வங்கி, வக்கீல், உறவினர் வீட்டு விருந்து எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது புதுச்சேரியில் பார்த்த ஒரு பழைய வீட்டைப் பற்றியும், அங்கே ஒரு மேஸ்திரி கொண்டு வந்த ரப்பர் குழாயைப் பற்றியும்தான். ஊருக்கே வந்துவிடும் எண்ணத்தில் வீடு தேடுகிறவர்கள் யாராவது இருந்தால் பொறுமையாகப் படிக்கவும்.

நானும் கணவரும் பாரிஸுக்கு வடக்கே சார்செலில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறோம். அவர் முத்தியால்பேட்டைக்காரர். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர். நான் கடலூர்க்காரி, கெடிலத்துக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவள். அடுத்த வருடம் எங்கள் இருவருக்கும் ஓய்வு. அடுக்குமாடியில் இருந்தது போதும். திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு வேண்டும்; நடந்துபோகிற தூரத்தில் காய்கறிக் கடை, மருத்துவர், பஸ் வேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

புல்வாருக்குள், அதாவது பழைய நகரைச் சுற்றி ஓடும் சாலைக்குள், கிழக்குப் பக்கம் நமக்கு ஆகாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பெரிய வாய்க்காலைத் தாண்டினால் பாதி வீடுகள் விடுதிகளும் காபிக் கடைகளுமாக இருக்கின்றன. சனிக்கிழமை இரவில் வயதானவர்கள் அங்கே கண் மூட முடியாது. வாய்க்காலுக்கு மேற்கே, 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்ற வைசியாள் வீதியில் ஒரு மாலை முழுதும் நடந்தோம். வரிசையாகத் தூண் வைத்த தாழ்வாரங்களைப் பார்த்தபோது கணவருக்குத் தன் பாட்டி வீடு நினைவுக்கு வந்து, பேச்சே வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து விலை எங்கள் சேமிப்புக்கு எட்டாது. லாஸ்பேட்டை, கோரிமேடு இரண்டும் மேட்டு நிலம், மழைக்குப் பயமில்லை. ஆனால் நாங்கள் தேடும் வகை வீடு அங்கே கண்ணில் படவில்லை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் என்று தரகர் வாயைத் திறந்ததுமே என் நாத்தனார் மறுத்துவிட்டார். 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

தரகர் காட்டிய ஒன்பதாவது வீட்டில்தான் நாங்கள் விழுந்துவிட்டோம். வடக்குப் பார்த்த வாசல், செதுக்கிய நிலை, காலடி பட்டுப் பட்டு மெருகேறிய சிவப்புத் தரை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி எட்டுத் தேக்குத் தூண்கள். உள்ளே முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசனை. திண்ணை தரையோடு தரையாகத் தாழ்ந்து இருந்தது. முழங்கால் வலிக்கு நல்லது என்று நான்கூட மகிழ்ந்தேன். அன்று மாலைக்குள் ஐந்து லட்சம் முன்பணம் தந்தால்தான் ஆயிற்று, சென்னையிலிருந்து ஒருவர் பணத்தோடு வந்துகொண்டிருக்கிறார் என்றார் தரகர். கணவர் காசோலைப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

பிரான்சில் வீடு வாங்கக் கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறுவதற்குப் பத்து நாள் அவகாசம் உண்டு, அது சட்டம். காரணம் சொல்லவும் தேவையில்லை, ஒரு பைசா நஷ்டமும் இல்லை. வீட்டை விற்பவர் ஒரு கட்டுக் காகிதம் தந்தாக வேண்டும். 1949-க்கு முந்தைய வீடென்றால் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்பதும், 1997 ஜூலைக்கு முன் அனுமதி வாங்கிக் கட்டியதென்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பதும் அதில் இருக்கும். மின்கம்பியின் நிலையும், அந்த இடத்துக்கு வெள்ள அபாயம் உண்டா என்பதும் இருக்கும். இங்கே எங்களுக்குக் கிடைத்தது அரை நாள் கெடு. நாத்தனார் மட்டும் குறுக்கே நின்றார். “அண்ணா, எங்கள் மேஸ்திரி வந்து பார்க்கட்டும். அதற்குள் வீடு ஓடிப்போனால் போகட்டும்.”

மேஸ்திரி மொபெட்டில் வந்தார். அறுபது வயதிருக்கும். தோளில் ஒரு சாக்குப்பை. தூண்களை அவர் பார்க்கவே இல்லை. நேராகச் சுவரிடம் போய்க் கொத்துக்கரண்டியின் பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார். மேலே கெட்டியாகக் கேட்ட சத்தம், இடுப்புக்குக் கீழே வந்ததும் பொத்தென்று மாறியது. “பழைய சுவர் சுண்ணாம்பு, அம்மா. கீழே மூன்றடிக்கு மட்டும் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். இரண்டு வருடத்தில் இந்தப் பூச்சு உப்பு பூத்துப் பொரிந்து விழும்.” ஏன் கீழே மட்டும் பூசினார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கூடத்துச் சுவரலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்தார். அலமாரியின் உள்பக்கத்துக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. அங்கே, என் தொடை உயரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. சாயம் போன துணியின் ஓரம்போல நீளமாக, வளைவில்லாமல் ஓடியது. அதற்கு ஒரு சாண் கீழே இன்னொன்று, மங்கலாக.

தரகர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “பாண்டிச்சேரியில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, மேடம்?”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? சேன் நதிக்கரையில் நடந்தால், 1910 ஜனவரி வெள்ளம் இதுவரை வந்தது என்று சுவரில் கோடு பொறித்து வருடத்தையும் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஆஸ்தெர்லிட்ஸ் பாலத்தில் அந்த வெள்ளம் 8.62 மீட்டர் ஏறியது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கோடுகளை யாரும் அழிக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கோட்டின்மேல் வெள்ளையடித்து, அடுத்தவன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இதைப் பார்த்தேன் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

மேஸ்திரி அப்போதுதான் சாக்குப்பையிலிருந்து குழாயை எடுத்தார். பத்து மீட்டர் நீளமுள்ள, உள்ளே இருப்பது தெரிகிற சாதாரண ரப்பர் குழாய். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்துக் கூடத்துத் தூணோடு பிடிக்கச் சொன்னார். மறுமுனையை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனார். தண்ணீர் சிந்துமே என்று நான் கட்டைவிரலால் முனையை மூடிக்கொண்டேன். வாசலிலிருந்து சத்தம் வந்தது: “விரலை எடுங்கள் அம்மா! மூடினால் தண்ணீர் பொய் சொல்லும்.” எடுத்தேன். குழாயில் தண்ணீர் இரண்டு முறை ஏறி இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. இரண்டு பக்கமும் பென்சிலால் குறி போட்டு டேப்பால் அளந்தார். கூடத்துத் தரை வீதியைவிட ஒன்பது அங்குலம் தாழ்ந்திருந்தது. கழிவுநீர் போகும் வாய்க்காலின் விளிம்பு, பின்கட்டுக் குளியலறைத் தரையைவிட உயரத்தில் இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

எதிர் வீட்டுப் பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, அந்த வீட்டுக்கு மூன்று படி உண்டு. நான் கல்யாணமாகி வந்தபோது அதில் உட்கார்ந்துதான் பூக் கட்டுவோம். ரோடு போடப் போட ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டது.” திண்ணை தாழ்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வீடு இருந்த இடத்தில் இருந்தது; வீதிதான் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். அதற்கு முன் மேலே மேலே போட்டதையெல்லாம் யார் சுரண்டுவது? தமிழ்நாடோ புதுச்சேரியோ, பழைய வீடு வாங்க நினைப்பவர்கள் முதலில் படிகளை எண்ணுங்கள். பக்கத்தில் இருக்கும் வயதானவர்களிடம் அந்தக் காலத்தில் எத்தனை படி என்று கேளுங்கள்.

சார்செலில் நாங்கள் வீடு வாங்கியபோது வந்த ஆய்வாளர் நாற்பது பக்க அறிக்கை தந்தார். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டதற்கு, அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மனிதர் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “நீங்கள் இதை வாங்கினால் எனக்கு ஆறு மாதத்துக்கு வேலை இருக்கிறது, அம்மா. தரையை உயர்த்த வேண்டும், தரையை உயர்த்தினால் நிலைக்கதவு குட்டையாகிவிடும், தூண் அடி மண்ணுக்குள் போய்விடும். எனக்கு நல்லதுதான். ஆனாலும் வேண்டாம்.” அரை நாள் கூலி என்று அறுநூறு ரூபாய் கேட்டார். ஆயிரம் கொடுத்தேன். நானூறை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வீடு பார்க்கும்போது கூப்பிடுங்கள் என்றார்.

கூப்பிட்டோம். அந்த அடுத்த வீடு புதுச்சேரியில் இல்லை, என் கடலூரில். பஸ் தென்பெண்ணைப் பாலத்தில் ஏறியபோது, அதே பெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடித்ததை நாத்தனார் சொல்லிக்கொண்டே வந்தார். கடலூர் என்ற பெயரே கூடலூரிலிருந்து வந்தது என்பார்கள். ஆறுகள் கூடுகிற ஊரில் எங்கே குடியிருப்பது என்பது சின்னக் கேள்வி இல்லை. தேவனாம்பட்டினம் எனக்கு உயிர், சிறு வயதில் வாரம் தவறாமல் போன கடற்கரை. ஆனால் 2004 சுனாமியை மறக்க முடியாது. கடல்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிக் காரையைத் தள்ளிவிடும் என்பதையும் மேஸ்திரி வழியிலேயே இரண்டு வீடுகளில் காட்டினார். மஞ்சக்குப்பத்தில் பார்த்தவை சுமார்தான்.

பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. தூண்கள் நான்குதான், முற்றமும் சிறியது. ஆனால் வாசலில் மூன்று படிகள் வெளியே தெரிந்தன. நான் கேட்பதற்கு முன்பே ஆசிரியர் கைத்தடியால் இரண்டாவது படியைத் தொட்டுக் காட்டினார். “2015-இல் தண்ணீர் இதுவரை வந்தது. உள்ளே வரவில்லை.” பக்கத்துச் சுவரில் அந்த உயரத்தில் ஒரு பென்சில் கோடும் தேதியும் இருந்தன, அவர் கையெழுத்திலேயே. நான் கணவரைப் பார்த்தேன். அவர் கோட்டின் மேல் விரலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

மேஸ்திரி அங்கேயும் குழாயைப் பிடிக்கச் சொன்னார். இந்த முறை நான் விரலால் மூடவில்லை. தரை சாலையைவிட இருபது அங்குலம் மேலே. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் தட்டோடுகள் பெயர்ந்த இடத்தில் ஒரு மூலை ஒழுகுகிறது. ஆசிரியர் அதையும் மறைக்கவில்லை, கீழே வாளி வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், உப்பு இல்லை.

காகிதங்களில்தான் ஒரு சிக்கல். தாய்ப்பத்திரம் இருக்கிறது, முப்பது வருட வில்லங்கம் சுத்தம். பட்டா மட்டும் இன்னும் ஆசிரியரின் அப்பா பெயரில். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றிய பிறகுதான் கிரயம் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏழு சதவீத முத்திரைத்தீர்வை, இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணம் இரண்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறோம். ஒழுகும் மூலையைத் திறந்து பார்ப்பதற்கு ஆசிரியர் சம்மதித்து, செலவில் பாதி அவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீடியோவில் அழைத்தார். மூலையைத் திறந்துவிட்டார். பதினொரு கட்டைகளில் ஒன்பது கல்போல இருக்கின்றன. இரண்டின் நுனி மட்டும், சுவருக்குள் போகும் இடத்தில், கரையான் அரித்துப் பொடியாகியிருந்தது. ஆணியை வைத்து அழுத்திக் காட்டினார், அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. புதுக் கட்டை போடலாமா, இடித்த வீட்டில் வரும் பழைய தேக்கைத் தேடலாமா என்று கேட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் மூட வேண்டும் என்றார். பழையதையே தேடச் சொல்லியிருக்கிறேன்.