டிரைஅவுட் முடிந்த இரவில் வரும் மெயிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

நியூஜெர்சியில் மறுபடியும் சாக்கர் டிரைஅவுட் காலம், அதாவது கிளப் அணிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் காலம், வருகிறது. ஊர் அணியில் ஆடும் பிள்ளையைப் பெரிய கிளப்பில் சேர்க்கலாமா என்று நம் பெற்றோர் பலர் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். சேர்ப்பதற்கு முன் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள். விவகாரம் இன்னும் முடியாததால் கிளப்பின் பெயரைப் போடவில்லை.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இடது பக்க டிஃபென்டர். பந்தைப் பறித்ததும் தூக்கி அடிக்காமல் தலையை நிமிர்த்திப் பார்த்துக் கொடுப்பாள். டிரைஅவுட் நடத்திய கோச்சும் அதைத்தான் பாராட்டினார். அன்று இரவு வீட்டுக்கு வந்து அவள் ஷின் கார்டைக் கழற்றும்போதே மெயில் வந்துவிட்டது. வாழ்த்துகள், எங்கள் இசிஎன்எல் (நாடு தழுவிய உயர்மட்ட இளையோர் லீக்) பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் கையெழுத்திட்டு 600 டாலர் முன்பணம் கட்டவேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எந்த அணி என்று டைரக்டரைப் போனில் கேட்டோம். "மெயிலில் இருக்கும் அதே பிரிவுதான், கவலைப்படாதீர்கள்" என்றார். அந்த வாக்கை நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம்.

ஆகஸ்ட்டில் அணிப் பட்டியல் வந்தது. அந்த கிளப்பில் அவள் வயதுக்கு மூன்று அணிகள். முதல் அணி மட்டும்தான் இசிஎன்எல். இரண்டாவது, இசிஎன்எல் ரீஜனல் லீக்; பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், தரத்தில் ஒரு படி கீழே. எங்கள் மகளைப் போட்டது மூன்றாவதில். அது இந்த இரண்டோடும் சம்பந்தமே இல்லாத உள்ளூர் லீக்கில் ஆடுகிறது. டிரைஅவுட்டில் பாராட்டிய கோச் முதல் அணிக்குப் போய்விட்டார். இவர்களுக்கு வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். நல்ல பையன்தான், ஆனால் இரண்டு அணிகளைப் பார்க்கவேண்டும். போட்டிகள் ஒரே நேரத்தில் வந்தால் பெயர் தெரியாத யாரோ ஒருவர் வந்து நிற்பார். போட்டிக்கு 18 பேரைத்தான் இறக்கலாம், பட்டியலிலோ 22 பிள்ளைகள். ஒவ்வொரு வாரமும் நான்கு பிள்ளைகள் ஜெர்சி போடாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நான்கு குடும்பத்துக்கும் ஃபீஸில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

வருஷ ஃபீஸ் 3,200 டாலர் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஜெர்சி, டிராக் சூட், பை எல்லாம் சேர்த்து 420 டாலர் தனி. டோர்னமென்ட் கட்டணம் தனி. வெளியூர் போனால் கோச்சின் ஹோட்டல் செலவையும் பெற்றோர்களே பங்கு போட்டுக் கொடுக்கவேண்டும். டெலவேர் டோர்னமென்ட்டில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே 119 டாலருக்கு அறை இருந்தது. ஆனால் டோர்னமென்ட் சொல்லும் ஏஜென்சி மூலம்தான் அறை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அணியையே சேர்க்கமாட்டோம் என்றார்கள். அங்கே 189 டாலர். இதற்கு 'ஸ்டே டு ப்ளே' என்று பெயர், நாடு முழுக்க நடக்கிறது.

அக்டோபரில் மகளுக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. எலும்பு வளரும் பகுதியான வளர்ச்சித் தட்டில் அடி பட்டிருக்கிறது, குளிர்காலம் முழுக்க ஓடவே கூடாது என்றார் டாக்டர். மீதித் தவணையை நிறுத்தச் சொல்லி சான்றிதழோடு எழுதினோம். ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டிப் பதில் வந்தது: காயத்துக்குப் பணம் திரும்பாது, 50 மைலுக்கு அப்பால் குடிபெயர்ந்தால் மட்டுமே விலக்கு. குணமானதும் அவள் பழைய ஊர் அணிக்கே போக விரும்பினாள். பாக்கியைக் கட்டும்வரை பிளேயர் கார்டை (அணியில் ஆடுவதற்கான பதிவு அட்டை) விடுவிக்க முடியாது என்றார்கள். பிறகு வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளையின் ஆட்டத்தைப் பிணையாக வைத்துப் பணம் கேட்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பெரும்பாலான கிளப்புகளுக்கு வருமானமே பெற்றோர் கட்டும் ஃபீஸ்தான். முதல் அணி விளம்பரத்துக்கு. இரண்டாவது, மூன்றாவது அணிகளின் பணத்தில்தான் அது ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாட்டின் சாக்கர் சம்மேளனமான யூஎஸ் சாக்கர், தான் நடத்திவந்த டெவலப்மென்ட் அகாடமி என்ற இளையோர் லீக்கை 2020 ஏப்ரலில் மூடிய பிறகு எம்எல்எஸ் நெக்ஸ்ட், கேர்ள்ஸ் அகாடமி என்று புது லீக்குகள் முளைத்தன. எது எதற்கு மேல் என்று புதிதாக வரும் பெற்றோருக்குப் புரிவதே இல்லை. அந்தக் குழப்பம் விற்பவருக்கு வசதியாகிவிடுகிறது.

கல்லூரிப் பேச்சையும் நம்பாதீர்கள். எங்கள் டைரக்டர் கூட்டத்திலேயே சொன்னார், கல்லூரி கோச்சுகள் இந்த வயதுப் பிள்ளைகளை இப்போதே விசாரிக்கிறார்கள் என்று. ஆனால் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷன் சாக்கரில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன் கோச் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவிடம் கல்லூரி ஆசை காட்டிப் பணம் வாங்குவது ஏமாற்று.

இந்த முறை ஆபத்து இன்னும் அதிகம். 2026-27 பருவத்திலிருந்து பெரும்பாலான லீக்குகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டிலிருந்து மாறி, ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை பிறந்தவர்கள் ஒரே பிரிவு என்ற கணக்குக்கு வருகிறது. அணிகள் எல்லாம் கலைத்து அடுக்கப்படும். அதனால் அணியின் பெயர், லீக், கோச்சின் பெயர், பட்டியலில் எத்தனை பேர் என்பதையெல்லாம் மெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னதற்கு மதிப்பில்லை. டோர்னமென்ட், பயணம் உட்பட வருஷ மொத்தச் செலவைக் கேளுங்கள். காயம் பட்டால் என்ன என்ற பத்தியைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவான கிளப் என்றால் வரித்துறைக்கு அது ஆண்டுதோறும் தரும் 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிறிய கிளப்பாக இல்லாவிட்டால் வருமானமும், பல சமயம் டைரக்டரின் சம்பளமும் அதில் இருக்கும். தவணையைக் கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். நாங்கள் கார்டில் கட்டியதால்தான் கடைசி இரண்டு தவணைகளை எதிர்த்து முறையிட முடிந்தது. அதில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

வசூல் கடிதத்துக்கு நாங்கள் அனுப்பிய பதிலின் நகல் என்னிடம் இருக்கிறது. அதே நிலையில் இருப்பவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.