தீலே குழாய்: 16 ஆண்டுப் பழக்கம்

கடலூரில் ஒரு கல்லூரியில் ஆர்கானிக் லேப் எடுக்க ஆரம்பித்து 16 ஆண்டுகள் ஆகின்றன. தெரியாத சேர்மத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி மாணவர்களிடம் கொடுக்கும்போது, உருகுநிலை பார்க்க இன்றுவரை நான் நம்பித் தருவது தீலே குழாயைத்தான். எண்ணெய் நிரப்பிச் சூடேற்றும் இந்தக் கண்ணாடிக் குழாய், ஜெர்மன் வேதியியலர் யோகானஸ் தீலேயின் பெயரில் வழங்குவது. பொடியைக் கேபிலரி என்ற மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்து, ரப்பர் வளையத்தால் தெர்மாமீட்டரோடு கட்டி எண்ணெயில் இறக்குவோம். பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு கை இருக்கும். அதன் வளைவில் பன்சன் பர்னரைக் காட்டினால் சூடான எண்ணெய் மேலேறித் தானே சுற்றிவரும். கலக்கவும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

நடுவில் ஒரு டிஜிட்டல் கருவி வாங்கினோம். இரண்டு ஆண்டு அருமையாக ஓடியது. அப்புறம் உப்புக்காற்றில் உள்ளே துருவேறி, காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண். சர்வீஸுக்கு ஆள் வரவே மூன்று மாதம் ஆனது. இப்போது அது பீரோவுக்குள் இருக்கிறது.

தீலே குழாயிலும் தொல்லை உண்டு, எல்லாம் எண்ணெயால் வருவது. 200 டிகிரியை நெருங்கினாலே லிக்விட் பாரஃபின் புகையத் தொடங்கும். நாளாக நாளாக டீ நிறத்துக்கு வந்துவிடும், கேபிலரிக்குள் நடப்பது தெரியாது. ரப்பர் வளையம் எண்ணெயில் முங்கினால் ஊறி இளகி, கேபிலரி நழுவிவிடும். சூட்டில் எண்ணெய் மட்டம் ஏறும் என்பதையும் கணக்கில் வைத்து, வளையத்தை நன்றாக மேலே போட வேண்டும்.

எங்கள் ஊரில் பெரிய சோதனை மழைக்காலம்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில், ஒரு மாணவருக்குக் கொடுத்த வெள்ளைப் பொடி புகையோடு எரிந்தது. பைகார்பனேட்டில் நுரைத்தது, அது ஆசிட் என்பதற்கு அடையாளம். தனிமங்களைக் கண்டறியும் லாசைன் சோதனையில் நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் எதுவும் இல்லை. புகையோடு எரிந்ததால் அரோமேட்டிக் (பென்சீன் வளையம் உள்ள) ஆசிட், சரி. வெந்நீரில் கரைத்துப் படிகமாக்கி, வடிதாளில் ஒற்றி எடுத்து உருகுநிலை பார்த்திருக்கிறார். 119 முதல் 126 வரை.

"பென்சாயிக் ஆசிட் மேடம். 122 இதுக்குள்ளதானே வருது?"

"ஏழு டிகிரி இழுத்திருக்கேப்பா. சுத்தமான பொருள் இவ்வளவு இழுக்குமா?"

ஈரம் மிச்சமிருந்தால் உருகுநிலை இறங்கி, இப்படி இழுக்கும்; அடைமழையில் வடிதாளை நம்பவே கூடாது. படிகத்தை டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கண்ணாடிப் பாத்திரம்) வைத்தோம். அதிலிருந்த நீல சிலிக்கா ஜெல் ஈரம் குடித்துப் பாதி ரோஸ் ஆகியிருந்ததால் அதை முதலில் அடுப்பில் வறுத்தெடுத்தோம். மறுநாள் 132–133, ஒரே டிகிரிக்குள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதாவும் மறைந்து பழுப்பானது, ஆகவே இரட்டைப் பிணைப்பு உண்டு. 133 டிகிரியில் உருகும் சின்னமிக் ஆசிட்!

அதோடு விடவில்லை. அதே பொருளைக் கலந்தால் உருகுநிலை மாறாது, வேறு பொருளைக் கலந்தால் இறங்கிவிடும்; இதுதான் கலப்பு உருகுநிலைச் சோதனை. பாட்டிலில் இருந்த சின்னமிக் ஆசிடோடு பாதிக்குப் பாதி அரைத்து ஒரு கேபிலரி, பென்சாயிக் ஆசிடோடு அரைத்து இன்னொன்று, இரண்டையும் ஒரே தெர்மாமீட்டரில் கட்டினோம். 100 டிகிரிக்கு முன்பே பென்சாயிக் கலந்த பொடி கண்ணாடிச் சுவரை விட்டு விலகி, சுருங்கி, ஓரத்தில் வியர்த்தது. பக்கத்துக் கேபிலரியில் ஒரு துகள்கூட அசையவில்லை. அது 132 வரை காத்திருந்து சட்டென்று உருகியது. இதைக் கண்ணால் பார்த்த மாணவர் கலப்பு உருகுநிலையை மறக்கவே மாட்டார்.

புதிதாக வாங்குபவர்களுக்கு: சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியே வாங்குங்கள். எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு 15 டிகிரி முன்பே தீயைக் குறைத்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றுங்கள். எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் வெடித்துத் தெறிக்கும். நான் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால், குழாயைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே புது எண்ணெய் ஊற்றுகிறேன்.