ஏஎம்ஜி பாகங்கள் பூட்டிய என் 560 எஸ்இசி: அரிதான கார்தான், மதிப்பு எவ்வளவு?

இந்த மெர்சிடிஸ் 560 எஸ்இசி என்னிடம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. 1987 மாடல், இரண்டு கதவு, கறுப்பு நிறம். முன்னும் பின்னும் மெர்சிடிஸ் கார்களை உருமாற்றும் ஏஎம்ஜியின் பம்பர், ஏஎம்ஜி அலாய் சக்கரம், உள்ளே ஏஎம்ஜி ஸ்டீயரிங், 300 கிலோமீட்டர் வரை எண்கள் போட்ட ஸ்பீடோமீட்டர். "உலகத்திலேயே இப்படி ஒன்றுதான் இருக்கிறது" என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கஸ்டமைஸ் செய்த எந்தக் காரைப் பற்றியும் இதையே சொல்லலாமே. இருக்கையின் தோலை மாற்றித் தைத்தால்கூட அது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

அரிது என்பது ஒரு கணக்கு, மதிப்பு என்பது வேறு கணக்கு. ரோல்ஸ் ராய்ஸ் கமார்க் 1975 முதல் 1986 வரை மொத்தமே சுமார் 530 கார்கள்தான் வந்தன. பினின்ஃபரினா வடிவமைத்தது, தன் காலத்தின் மிக விலை உயர்ந்த கார்களில் ஒன்று. அப்படியிருந்தும் நெடுங்காலம் அதைக் கேலி செய்தவர்களே அதிகம். என் 560 எஸ்இசியோ 28,929 கார்கள் வந்த மாடல். ஆக, அடிப்படைக் காரில் அரிது என்று எதுவும் இல்லை. அதன் மேல் செய்த வேலைக்குத்தான் கூடுதல் மதிப்பு. அந்த வேலையை யார் செய்தது, எப்போது செய்தது என்பதுதான் கேள்வி.

சிக்கலும் அங்கேதான். 1980களில் ஏஎம்ஜி ஒரு தனி நிறுவனம். மெர்சிடிஸுடன் கூட்டு ஒப்பந்தம் 1990இல்தான் வந்தது. அதற்கு முன் கார் ஆலையிலிருந்து சாதாரண எஸ்இசியாகவே வெளியே வரும். ஜெர்மனியின் அஃபால்டர்பாக்கில் உள்ள ஏஎம்ஜி பட்டறைக்குப் போய் உருமாறும். அதனால் சேஸிஸ் எண்ணைப் பார்த்தாலும் (560 எஸ்இசி என்றால் அதில் 126045 இருக்கும்) ஆலையின் டேட்டா கார்டைப் (கார் என்னென்ன வசதிகளோடு வெளியே வந்தது என்ற பதிவு) பார்த்தாலும் ஏஎம்ஜி பற்றி ஒன்றும் தெரியாது. எண் பொருந்துகிறது என்பதால் அது ஏஎம்ஜி கார் ஆகிவிடாது. கார் 560 எஸ்இசிதான் என்பது மட்டும் உறுதியாகும். சிறிய இன்ஜின் உள்ள 420 எஸ்இசியின் டிக்கியில் 560 பட்டை ஒட்டி ஓட்டுகிற ஆட்களும் உண்டு என்பதால், அந்த உறுதியும் சும்மா இல்லை.

இந்த மாதிரிக் கார்களை என் அனுபவத்தில் மூன்று தட்டாகப் பார்க்கலாம். ஏஎம்ஜியே கட்டியவை மேல் தட்டு. அந்தக் காலத்திலேயே டீலர் ஏஎம்ஜி பாகங்களை வாங்கிப் பூட்டியவை நடுத்தட்டு. இருபது முப்பது வருடம் கழித்து யாரோ பாகங்களைத் தேடிப்பிடித்து மாட்டியவை கீழ்த்தட்டு. நிறுத்தி வைத்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

என்னுடையது நடுத்தட்டு. இதைச் சொல்வது ஃபைலில் உள்ள டீலர் பில். தேதி, சேஸிஸ் எண், பாகங்களின் எண்கள், பொருத்துக் கூலி எல்லாம் அதில் இருக்கின்றன. கூடவே பழைய ஜெர்மன் வாகனப் பத்திரம். அங்கே சக்கரம், பம்பர் போன்ற மாற்றங்களைச் சோதனை செய்து பத்திரத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்த வரிகளில் உள்ள சக்கர அளவும் காரில் இருக்கும் சக்கரமும் ஒன்றாக இருந்தன. கழற்றி, முதுகுப் பக்கம் மண்ணைத் துடைத்துவிட்டு வார்ப்பில் உள்ள எண்ணைப் படித்தேன். நகல் சக்கரங்கள் முன்பக்கம் அச்சு அசலாக இருக்கும், பின்பக்கத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

நிறத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். போனட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலே உள்ள சட்டத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் உள்ள பெயிண்ட் எண் 702. அது புகை வெள்ளி நிறம், கறுப்பு இல்லை. டிக்கியின் பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே இன்னமும் அந்த வெள்ளி தெரிகிறது. பெயிண்ட் தடிமன் கருவியை வைத்துப் பார்த்தேன். ஆலை பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். என் காரில் கதவு, போனட் எல்லாம் ஒரே சீராக 250 பக்கம். அதாவது ஒருமுறை ஒழுங்காக அடித்த பெயிண்ட், அடியில் பட்டி இல்லை. பின் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் எண் எகிறியது. அந்த இடத்தில் துருப்பிடிப்பது இந்த மாடலின் பிறவி நோய், யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். டீலர் பில்லிலேயே கறுப்பு பெயிண்ட் வேலையும் இருந்ததால் நிறமாற்றம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பில் இல்லாவிட்டால் விலையை இறக்கியிருப்பேன்.

சரி, ஓட்ட எப்படி? இன்ஜின் மெர்சிடிஸின் சாதாரண 5.5 லிட்டர் வி8. ஏஎம்ஜியின் 32 வால்வு இன்ஜின் இருந்தால் காரின் மதிப்பு எங்கோ போயிருக்கும், ஆனால் அதற்குப் பாகம் தேடி அலைவதும் என் தலையில் விழுந்திருக்கும். இதற்குப் பெரும்பாலான பாகங்கள் கிடைக்கின்றன. இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் வயதானால் நொறுங்கும், எல்லாவற்றையும் முதல் வேலையாக மாற்றிவிட்டேன். அகலமான டயர் பார்வைக்கு அழகு, தேய்ந்த சாலையில் கார் பள்ளத்தின் போக்கில் இழுக்கும். முன் பம்பரின் உதடு ஒவ்வொரு வேகத்தடையிலும் பயமுறுத்துகிறது. அசல் ஸ்டீயரிங்கையும் ஸ்பிரிங்குகளையும் முந்தைய உரிமையாளர் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். புண்ணியவான். திருப்பிப் பொருத்த முடிகிற மாற்றத்துக்கு எப்போதும் கூடுதல் மரியாதை உண்டு.

முன் இருக்கைகளுக்கு நடுவில் ஒரு கார் போன் வேறு இருக்கிறது. ஜெர்மனியில் அது வேலை செய்த அனலாக் நெட்வொர்க்கை 2000 முடிவில் மூடிவிட்டார்கள், ஆக அது வெறும் பொம்மை. கழற்றச் சொல்லாத மெக்கானிக் இல்லை. கழற்றினால் மரப் பலகையில் ஓட்டைதான் மிஞ்சும், தவிர அந்தக் காலத்து வேலை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. இன்சூரன்ஸில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்குப் பாலிசி எடுத்தபோது, பில்லுடன் அந்த போனின் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சமீபத்தில் ஒருவர் கூரையை வெட்டிக் கன்வெர்டிபிள் ஆக்கிய எஸ்இசியைக் கொண்டுவந்து, மாற்றிக்கொள்ளலாமா என்றார். மெர்சிடிஸ் இந்த மாடலில் கன்வெர்டிபிள் செய்ததே இல்லை, எல்லாம் வெளிப் பட்டறை வேலை. என் காரைவிட அது அரிது, சந்தேகமே இல்லை. எஸ்இசியில் கதவுக்குப் பின்னால் நடுத்தூண் கிடையாது, கூரையும் போய்விட்டால் வலு முழுவதும் அடித்தளத்தில்தான். ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். பூட்டு ஒரு விரல் கீழே போய் இடித்தது, அதாவது காரின் உடலே வளைகிறது. அடியில் என்ன வலுவூட்டினார்கள் என்று கேட்டால் அவரிடம் ஒரு பில்லும் இல்லை, ஒரு படமும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.