உங்கள் செஷனை யார் பார்ப்பார்கள்? இசை சிகிச்சைக் களப்பயிற்சி: அமெரிக்காவில் இரண்டு வழி, பிரிட்டனில் ஒரு வழி

இசை சிகிச்சை படிக்க வெளிநாடு கிளம்புகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கட்டணத்தையும் மாதக்கணக்கில் அலசுகிறார்கள். களப்பயிற்சி எப்படி நடக்கும் என்று கேட்பது பெரும்பாலும் கடைசி ஆண்டில்தான். வகுப்பில் படித்தது கைக்கு வருவதும் வராமல் போவதும் அங்கேதான் தெரியும் என்பதால், சேருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

முதலில் கணக்கு. ஏஎம்டிஏ எனப்படும் அமெரிக்க இசை சிகிச்சைச் சங்கத்தின் விதிப்படி மாணவர் மொத்தம் 1,200 மணி நேரக் களப்பயிற்சி முடிக்க வேண்டும். குறைந்தது 180 மணி படிப்பின் நடுவே வரும் பிராக்டிகத்தில், குறைந்தது 900 மணி இன்டர்ன்ஷிப்பில். இரண்டும் சேர்ந்தால் 1,080. மிச்சமுள்ள 120 மணியை எந்தப் பக்கம் வைப்பது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்யலாம். 1,020 மணி இன்டர்ன்ஷிப் என்று பல இடங்களில் பார்க்கிறோமே, அது 1,200-ல் 180 போக மிச்சம். இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகுதான் இசை சிகிச்சையாளர்களுக்குச் சான்று தரும் சிபிஎம்டி வாரியத்தின் தேர்வு. அதில் தேறினால் எம்டி-பிசி என்ற தொழில்முறைச் சான்று.

இன்டர்ன்ஷிப்பை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, சங்கமே ஆய்ந்து ஒப்புதல் கொடுத்த தேசியப் பட்டியலில் உள்ள மருத்துவமனை அல்லது நிறுவனம். மற்றொன்று, பல்கலைக்கழகம் தானே ஏற்பாடு செய்து தானே பொறுப்பேற்கும் இடம். இந்த இரட்டை வழிக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் 1950-ல் ஒரு சங்கமும் 1971-ல் இன்னொரு சங்கமும் தோன்றின. முதலாவது மையப் பட்டியலை நம்பியது, இரண்டாவது பல்கலைக்கழகத்தின் கையில் விட்டது. 1998-ல் இரண்டும் இணைந்தபோது ஒன்றை ஒழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே ‘இசை சிகிச்சையாளர்’ என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. சுகாதாரத் துறைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்சிபிசி அமைப்பின் பதிவேட்டில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பதிவுக்கான படிப்பு முதுகலை, முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. எச்சிபிசி இத்தனை மணி நேரம் என்று எண் எதுவும் சொல்வதில்லை; மாணவர் தேவையான திறன்களை அடையும் அளவுக்குக் களப்பயிற்சியின் நீளமும் வகையும் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று போய்வருவார்கள், மற்ற நாள் வகுப்பு. பயிற்சிக் காலத்தில் மாணவரும் தனக்கென ஒரு சிகிச்சையாளரிடம் போக வேண்டும். அந்தச் செலவு கட்டணத்துக்குள் வருகிறதா, தனியாகக் கையிலிருந்து போகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு ஆண்டு முழுக்க ஓடும் செலவு அது.

மணி நேரத்தை எண்ணாதீர்கள், விகிதத்தைப் பாருங்கள்

மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எல்லா இடத்திலும் வாரம் ஒரு மணி நேரம் தனி மேற்பார்வை, அதாவது அனுபவமுள்ள சிகிச்சையாளரோடு உட்கார்ந்து தன் செஷன்களைப் பேசும் நேரம், கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

தேசியப் பட்டியல் இடத்தில் வாரம் 40 மணி வேலை. 1,020 மணி முடிய இருபத்தைந்தரை வாரம், அதாவது ஏறத்தாழ ஆறு மாதம். மேற்பார்வை 25, 26 மணி. பல்கலைக்கழக வழியில் வாரம் 20 மணி என்று வைத்தால் அதே 1,020 மணிக்கு 51 வாரம் ஆகும். மேற்பார்வையும் 51 மணி. உழைப்பு அதேதான், ஆனால் உட்கார்ந்து பேசும் நேரம் இரட்டிப்பு. பிரிட்டனில் வாரம் ஒரு நாள் நான்கு பேரைப் பார்க்கும் மாணவருக்கு அந்த நான்கு செஷனுக்கே ஒரு மணி நேரம் இருக்கிறது. 40 மணி வாரத்தில் பாதி நேரம் நேரடி செஷன் என்று கொண்டாலும், 20 மணி நேர வேலையை ஒரு மணிக்குள் பேசி முடிக்க வேண்டும். எதைப் பேசுவது, எதை விடுவது? பிரச்சினை வந்த ஒன்றிரண்டு மட்டும் பேசப்படும். சுமாராகப் போனவற்றை யாரும் தொடுவதில்லை, கெட்ட பழக்கம் ஊறுவதோ அங்கேதான்.

இதை வைத்து முழுநேர வழி மோசம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. வேகம் என்பதும் ஒரு பாடம். காலையில் பரிந்துரைப் பட்டியலைப் பார்த்து யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுப்பது, படுக்கையருகில் 20 நிமிடத்துக்குள் தொடங்கி முடிப்பது, நடுவே நர்ஸ் வந்து ஊசி போட்டால் பாட்டை எங்கே நிறுத்தி எங்கே தொடங்குவது, அன்றே குறிப்பை எழுதி முடிப்பது: இவையெல்லாம் வாரம் ஒரு நாள் போகிறவருக்குப் படியாது. பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பவருக்கு முழுநேர வழிதான் சரி. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையோடு இருபது வாரம் தொடர்ந்து உட்கார்ந்து, உறவு எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது என்று கற்க நினைப்பவருக்கு பிரிட்டன் வழி. இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்ப்பது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான்.

எங்கே சறுக்குகிறது

முழுநேர இன்டர்ன்ஷிப்பில் சரியான வரிசை இது: முதலில் பார்ப்பது, பிறகு ஒரு பாட்டையோ ஒரு செயலையோ மட்டும் ஏற்பது, பிறகு சேர்ந்து நடத்துவது, அப்புறம் தனியாக. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இந்த வரிசை முதல் மாதத்திலேயே சுருங்கிவிடும். இன்டர்ன் சம்பளமில்லாத ஊழியராகிவிடுவார். அறிகுறி எளிது: நேர்காணலில் ‘எங்கள் இன்டர்ன்கள் மூன்றாவது வாரத்திலேயே தனியாக நடத்துவார்கள்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல.

அடுத்தது குரல். நாளைக்கு ஐந்தாறு செஷன் பாடினால் இரண்டாம் மாதம் தொண்டை கட்டும். கச்சேரிக்குப் பழகிய முழுக்குரல் இங்கே தேவையே இல்லை, படுக்கையருகில் பேச்சைவிடச் சற்று கூடுதலான ஒலி போதும். கர்நாடக இசை கற்றுப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரே சுருதியில் பாடிப் பழகியிருப்பார்கள். செஷனில் சுருதி உங்களுடையது அல்ல, எதிரே இருப்பவருடையது. எழுபது வயதுப் பெண்மணியின் குரல் கீழே இறங்கியிருக்கும். அவர் தானாக முணுமுணுக்கும் ஸ்வரத்தைப் பிடித்து, கிதாரில் சுருதியை ஏற்றி இறக்க உதவும் கவ்வியான கேப்போவை நகர்த்தி, அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே பாட்டை மூன்று நான்கு சுருதியில் கிதாரோடு பாடிப் பழகிக்கொண்டு போனால் முதல் மாதத்தில் பாதி அவதி குறையும். ராக ஆலாபனையில் வளர்ந்த கற்பனை பிரிட்டன் வழியில் நேரடியாகக் கைகொடுக்கும், அங்கே செஷனின் முதுகெலும்பே இருவரும் சேர்ந்து அந்த நேரத்தில் உருவாக்கும் இசைதான். ஆனால் ராகத்தின் அழகில் மயங்கி, எதிரே உள்ள குழந்தை தட்டுவதை நிறுத்தி இரண்டு நிமிடம் ஆனதைக் கவனிக்காமல் போகும் ஆபத்தும் அதே திறமையில்தான் ஒளிந்திருக்கிறது.

பல்கலைக்கழக வழியின் ஓட்டை வேறு மாதிரி. மேற்பார்வை செய்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். தடுமாறிய செஷனை அவரிடம் கொண்டுபோக மாணவர் தயங்குவார், நன்றாக வந்ததையே காட்டுவார். இரண்டு வேலையும் இரண்டு பேரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது ஓட்டை செமஸ்டர் விடுமுறை. டிசம்பரில் மூன்று வாரம் நீங்கள் வரவில்லை என்றால், நினைவிழப்பு உள்ள முதியவரிடம் கட்டிய பழக்கம் கலைந்துவிடும், ஜனவரியில் புதிதாகத் தொடங்க வேண்டும். இடைவெளி வருமுன்பே ஒவ்வொருவருக்கும் ஒரே வரவேற்புப் பாட்டையும் ஒரே விடைபெறும் பாட்டையும் நிலையாக வைத்து, திரும்பியதும் அதே வரவேற்புப் பாட்டில் தொடங்கினால் சேதம் கொஞ்சம் குறையும். பிரிட்டனில் பள்ளி விடுமுறையிலும் இதே கதைதான்.

மேற்பார்வை எந்த வடிவில்

செஷனை நினைவிலிருந்து சொல்வது, பதிவைக் கேட்பது, நேரில் உட்கார்ந்து பார்ப்பது என்று மூன்று வடிவம். முதலாவது மிகப் பலவீனமானது. மாணவர் கவனித்ததை மட்டுமே சொல்ல முடியும்; கவனிக்காமல் விட்டதுதான் பிரச்சினை.

பதிவில் பிரிட்டன் முன்னால் நிற்கிறது. பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேய சிறப்புக் கல்வி ஆசிரியரும் 1959-ல் சேர்ந்து வேலை தொடங்கிய காலத்திலிருந்தே, செஷனின் ஒலிப்பதிவை மறுபடி கேட்டு நிமிடம் நிமிடமாகக் குறிப்பெடுப்பது அவர்கள் முறையின் அடிப்படை. மாணவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: நேரம், குழந்தை என்ன செய்தது, அப்போது நான் என்ன வாசித்தேன், வேகம் மாறியதா. அரைமணி நேர செஷனுக்கு இதைச் செய்ய ஆரம்பத்தில் இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும். வாரம் நான்கு செஷன் நடத்துபவரால் முடியும், இருபது நடத்துபவரால் முடியாது. அவர் வாரம் ஒரே ஒரு செஷனை எடுத்து மூன்று நிமிடம் மட்டும் வெட்டிக்கொண்டு போகலாம்: தொடக்கத்தில் ஒரு நிமிடம், ஏதோ மாறிய ஒரு நிமிடம், சிக்கிக்கொண்ட ஒரு நிமிடம். அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் எழுத்துபூர்வ சம்மதமும் நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல் எதையும் பதிய முடியாது. சொந்த போனில் பதிவு செய்வதை நினைத்தே பார்க்காதீர்கள்.

ஆகவே முழுநேர வழியின் பலம் நேரில் பார்ப்பதில்தான் இருக்க வேண்டும். அங்கும் ஒரு தொல்லை: மேற்பார்வையாளர் அறைக்குள் வந்ததும் நோயாளி அவரைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார், பழகிய முகம் அல்லவா. அவர் நோயாளியின் கண்ணில் படாத பக்கமாக, கையில் வாத்தியம் இல்லாமல் உட்கார வேண்டும். எப்போது தலையிடுவார் என்பதற்கு ஒரு சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், பாட்டின் நடுவே அவர் குரல் மேலெழுந்து மாணவரை அமுக்காது.

எழுத்துக் குறிப்பையும் மேற்பார்வையில் கொண்டுபோய் வையுங்கள். ‘நோயாளி இசையை ரசித்தார்’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ‘மூன்று பாட்டில் இரண்டில் வலக்கையால் டிரம்மைத் தானாகத் தட்டினார், மூன்றாவதில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது’ என்றால் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் அது உதவும்.

விசாவும் ஒப்பந்தமும்

இந்திய, இலங்கை மாணவர்கள் எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்கா போனால் இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி எனப்படும், படிப்பின் பகுதியான பயிற்சிக்கான அனுமதி எடுப்பது வழக்கம். சம்பளம் இல்லை என்பதால் அனுமதி வேண்டாம் என்று தாங்களாக முடிவு செய்யக் கூடாது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்க வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், அந்தப் படிப்புக்குப் பிறகான ஓபிடி வேலை அனுமதி போய்விடும். ஆறு மாத முழுநேர இன்டர்ன்ஷிப்பில் அந்த அபாயம் இல்லை. வாரம் 20 மணியோ அதற்குக் குறைவோ என்றால் அது பகுதிநேரக் கணக்கு, 51 வாரம் ஓடினாலும் ஓபிடியைத் தொடாது. ஆனால் 22 மணி, 25 மணி என்று ‘கொஞ்சம்’ கூட்டினால் முழுநேரமாகிவிடும். பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பு முடியும் தேதி இன்டர்ன்ஷிப்பையும் உள்ளடக்கியிருக்க வேண்டும். வகுப்பு முடியும் தேதியைப் போட்டுவிட்டால் பின்னால் திருத்த அலைய வேண்டிவரும்.

தேசியப் பட்டியலில் இடம் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள். அந்த மருத்துவமனைக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், இரு பக்க வழக்கறிஞர்களிடம் அது மாதக்கணக்கில் கிடக்கலாம். தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, பொறுப்புக் காப்பீடு ஆகியவையும் அதே நேரத்தில் கேட்பார்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்தே தேடி எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் ரத்தப் பரிசோதனைக்குக் கைக்காசு போகும்.