நாலு பேர் மேசையில் ஹை டைட்: பழைய நீல காம்போவை கமாண்டருக்கு மாற்றி ஓட்டிய அனுபவம்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் 1994-இல் ஃபாலன் எம்பயர்ஸ் தொகுப்போடு வந்த கார்டு ஹை டைட். ஒரே ஒரு நீல மானா (கார்டு போடச் செலவழிக்கும் சக்தி) கொடுத்தால் அந்த டர்ன் முழுக்க ஐலண்ட் (நீல மானா தரும் நிலக் கார்டு) ஒவ்வொன்றும் இரட்டிப்பு மானா தரும். 60 கார்டு டெக்கில் இது ஓடும் வழி பழையவர்களுக்கு மனப்பாடம்: ஹை டைட் போடு, டர்ன்அபவுட்டும் டைம் ஸ்பைரலும் வைத்து மானாவுக்காக டேப் செய்த (பக்கவாட்டில் திருப்பிய) நிலங்களைத் திரும்பத் திரும்ப அன்டேப் செய் (நிமிர்த்து), கடைசியில் பிரெய்ன் ஃப்ரீஸால் எதிராளியின் லைப்ரரியை, அதாவது அவர் இன்னும் எடுக்காத கார்டுக் கட்டை, காலி செய். இதையே 100 கார்டு, அடிப்படை நிலம் தவிர எதிலும் ஒரே பிரதி, நாலு பேர், ஆளுக்கு 40 உயிர் என்று இருக்கும் கமாண்டர் ஆட்ட வகைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் உதை வாங்கித்தான் திரும்ப வேண்டும்.

நாலு ஹை டைட் இருந்த இடத்தில் ஒன்றுதானே வைக்க முடிகிறது, அதுதான் சிக்கல் என்று பலரும் நினைப்பார்கள். அதை டியூட்டர்களால் (லைப்ரரியில் கார்டைத் தேடித் தருபவை) சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாதது ஹை டைட் எல்லோருக்கும் பொது என்பது. எதிரில் நீலம் ஆடுபவர் இரண்டு ஐலண்டை விட்டு வைத்திருந்தால் அவர் கையிலும் நாலு மானா. வாட்டரி கிரேவ் மாதிரி ஐலண்ட் வகை கொண்ட இரட்டை நிலங்களுக்கும் இது பொருந்தும். டைம் ஸ்பைரல் இன்னும் மோசம். ஊருக்கே பந்தி போட்டதுபோல் மேசையில் எல்லோருக்கும் புதிதாக ஏழு கார்டு. இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு 7 கார்டு போகும், இங்கே 21. அதற்குள் நம் மந்திரத்தைக் கவுன்ட்டர் செய்யும் (ரத்து செய்யும்) ஒரு ஃபோர்ஸ் ஆஃப் வில்லாவது இருக்கும் என்று வைத்துத்தான் ஆட வேண்டும்.

ஆகவே எல்லோருக்கும் கார்டு கொடுக்கும் சங்கிலியைக் குறைத்து, நம் பக்கத்திலேயே சுற்றி முடியும் காம்போவாக டெக்கைத் திருப்ப வேண்டும். அதற்குப் பாலின்க்ரான்தான் நடுநாயகம். 7 மானா; மேசைக்கு வந்ததும் ஏழு நிலம் வரை அன்டேப்; 4 மானா கொடுத்தால் கைக்குத் திரும்பும். ஒரு சுற்றுக்கு மொத்தச் செலவு 11. ஹை டைட் ஓடும்போது 7 ஐலண்ட் 14 தரும், சுற்றுக்கு 3 மிச்சம். 6 ஐலண்டில் 12, மிச்சம் 1. ஐந்தில் 10தான், சுற்று ஒவ்வொன்றிலும் ஒன்று குறையும். அதனால் 6 ஐலண்ட் வந்த பிறகே தொடங்க வேண்டும். ஐந்தில் தொடங்கிப் பார்க்கலாமே என்ற ஆசை ஆட்டத்தையே தின்றுவிடும். எக்ஸ்ட்ராபிளேனர் லென்ஸும் மேசையில் இருந்தால் ஐலண்ட் ஒன்றுக்கு 3 மானா, அப்போது 4 ஐலண்டே போதும்.

லென்ஸ் வைப்பதானால் எல்லாமே ஸ்னோ கவர்டு ஐலண்டாக இருக்கட்டும். லென்ஸ் நிலத்தின் பெயரைப் பார்க்கும்; அதில் நாம் ஒதுக்கி வைத்த நிலத்தின் பெயரே கொண்டவைதான் கூடுதல் மானா தரும். எதிராளி சாதா ஐலண்ட் வைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஹை டைட் பெயரைப் பார்ப்பதில்லை, நில வகையைத்தான் பார்க்கும். ஸ்னோ போட்டால் ஹை டைட்டும் நமக்கு மட்டும்தான் என்று நம்பி இறங்குபவர்கள் உண்டு. நடக்காது.

கமாண்டராக (கையில் இல்லாமலே போடக் கிடைக்கும் தலைமைக் கார்டாக) பேரல், சீஃப் ஆஃப் கம்ப்ளையன்ஸ் நன்றாக உழைக்கிறது. 2 மானா, இன்ஸ்டன்ட்டும் சோர்சரியும் ஒரு மானா குறையும். எந்த நிறத்திலும் கொடுக்கக்கூடிய பொது மானாவில்தான் குறையும் என்பதால் ஹை டைட்டுக்கு லாபம் இல்லை. மற்றதில் கணக்கு நன்றாகவே மாறும். ஃபிரான்டிக் சர்ச் 2 மானா, மூன்று ஐலண்ட் அன்டேப், நிகர லாபம் 4. ஸ்னாப் 1 மானா, இரண்டு ஐலண்ட் அன்டேப், லாபம் 3. ஆறு ஐலண்டோடு டர்ன்அபவுட் 3 மானா, லாபம் 9. ஃபிரான்டிக் சர்ச் லெகசி என்ற 60 கார்டு வகையில் தடை, கமாண்டரில் தாராளமாகப் போடலாம். ஸ்னாப்புக்கு ஒரு கிரீச்சர் இலக்கு வேண்டும். பேரல் இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஸ்னாப்பில் கைக்கு வந்த பேரலைத் திரும்ப இறக்கினால் கமாண்டர் வரியும் (மறுபடி போடும்போது கூடும் செலவு) கிடையாது, ஏனென்றால் அது கையிலிருந்து வருகிறது.

இந்த மாற்றத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் கைகொடுப்பது ரீவைண்ட். இருவர் ஆட்டத்தில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே பேரலோடு 3 மானா, நாலு ஐலண்ட் அன்டேப், ஹை டைட்டில் 8 மானா. யாராவது நம் டர்ன்அபவுட்டைக் கவுன்ட்டர் செய்ய வந்தால் அந்தக் கவுன்ட்டரை மறித்துவிட்டு 5 மானா லாபத்தோடு தொடரலாம். யாரும் வரவில்லையென்றால் நம்முடைய ஆப்ட்டையே இலக்காக்கி மானா எடுக்கலாம். இரண்டிலும் பேரல் ஒரு கார்டு எடுத்து ஒன்றைத் தள்ளவும் விடும்.

நிலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மானா ராக் (மானா தரும் ஆர்டிஃபாக்ட்) ஐலண்ட் ஆகாது, ஹை டைட் அதைக் கண்டுகொள்ளாது. 36 நிலம் சரியாக இருக்கிறது: 31 ஐலண்ட், 4 ஃபெட்ச் (ஐலண்டைத் தேடி இறக்கும் நிலம்), மிஸ்டிக் சாங்க்சுவரி. சாங்க்சுவரிக்கும் ஐலண்ட் வகை உண்டு. வேறு மூன்று ஐலண்ட் இருந்தால் டேப் ஆகாமல் வந்து, கிரேவ்யார்டில் (போட்டு முடிந்த கார்டுக் குவியலில்) கிடக்கும் ஹை டைட்டை லைப்ரரி மேலே வைக்கும். அப்படியும் ஆறாவது டர்னில் பார்த்திருக்கும் 13 கார்டில் சராசரியாக 4.7 நிலம்தான் இருக்கும். மீதியை பிரெய்ன்ஸ்டார்ம், பாண்டர், பிரீஆர்டெய்ன் வகையில் ஒன்பது கார்டு தேடித் தர வேண்டும். ஹை டைட்டை எடுக்க மெர்ச்சன்ட் ஸ்க்ரோல், மிஸ்டிக்கல் டியூட்டர், சால்வ் தி ஈக்வேஷன், ஸ்பெல்சீக்கர். டிஸ்ஸி ஸ்பெல்லும் வைக்கலாம். 3 மானாவுக்கு டிரான்ஸ்மியூட் செய்தால் (கையிலிருந்து அதைத் தள்ளினால்) 1 மானா கார்டு எதையும் தேடும், அது மந்திரம் போடுவது அல்ல என்பதால் சாதாரணக் கவுன்ட்டர் மந்திரத்தால் தடுக்க முடியாது.

டைம் ஸ்பைரலை முழுக்கத் தூக்கிப்போட வேண்டாம். நார்செட், பார்ட்டர் ஆஃப் வெய்ல்ஸ் மேசையில் இருந்தால் எதிராளிகள் ஒரு டர்னில் ஒரு கார்டுக்கு மேல் எடுக்க முடியாது. அப்போது டைம் ஸ்பைரல் அவர்கள் கையைக் கலைத்து ஆளுக்கு ஒரே கார்டு கொடுக்கும், நமக்கு ஏழு. நார்செட் இல்லாமல் அதைப் போடுவது கடைசி வழி. நாம் கூடுதலாக எடுக்கும் கார்டைத் தன் பக்கம் இழுக்கும் நோஷன் தீஃப் எதிரே இருந்தால் அந்த வழியும் கிடையாது. நாம் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அடி அடிக்கும் ஓர்கிஷ் போமாஸ்டர்ஸ் இன்னும் தொல்லை. டைம் ஸ்பைரல்கூட வேண்டாம், ஒரு பிரெய்ன்ஸ்டார்ம் போட்டாலே மூன்று அடி விழும், பேரலின் டஃப்னஸும் மூன்று.

முடிக்கும் கார்டிலும் பழைய பட்டியல் உதவாது. 60 கார்டு டெக்கில் லைப்ரரியில் மிஞ்சும் ஐம்பது கார்டைத் தள்ள, முறைக்கு மூன்று கார்டு தள்ளி, அந்த டர்னில் முன்பு போட்ட ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு பிரதி கூடும் பிரெய்ன் ஃப்ரீஸ் 17 முறை போதும். இங்கே ஆளுக்கு 85 கார்டு என்றாலே 29 பிரதி, மூன்று பேருக்கு 87. தள்ளிய பிறகும் அவரவர் டர்னில் கார்டு எடுக்கும்வரை உயிரோடுதான் இருப்பார்கள். கார்டு எடுக்குமுன் வரும் அப்கீப்பில் ஒரு இன்ஸ்டன்ட் போட இடம் இருக்கிறது. முடிக்கும் கார்டாக ஈதர்ஃப்ளக்ஸ் ரெசர்வாயர் சரி. மந்திரம் போடும்போதெல்லாம் அந்த டர்னில் அதுவரை போட்ட எண்ணிக்கை அளவு உயிர் தரும், 50 உயிர் கொடுத்தால் 50 அடி அடிக்கும். டர்னின் முதல் மந்திரத்திலிருந்தே அது மேசையில் இருந்தால், 15 மந்திரத்தில் 120 உயிர் ஏறும், 40-ஓடு சேர்த்து 160. ஐம்பது ஐம்பதாக மூன்று அடி அடித்தும் 10 மிஞ்சும். பாலின்க்ரானைத் திரும்பத் திரும்ப இறக்குவதும் மந்திரம் போடுவதுதான், எனவே அந்தச் சுற்றிலேயே உயிர் ஏறிவிடும்.

ஆடும்போது அதிகம் நடக்கும் பிழை வரிசைப் பிழை. ஹை டைட்டுக்கு ஒரே ஒரு ஐலண்டை டேப் செய்து, அது ரிசால்வ் ஆன (பலன் நடந்த) பிறகே மற்றதைத் தொட வேண்டும். டர்ன்அபவுட் ரிசால்வ் ஆகுமுன் எல்லா ஐலண்டையும் டேப் செய்து மானாவை மிதக்க விட (செலவழிக்காமல் வைத்திருக்க) வேண்டும். மிதக்கும் மானாவுக்கு ஒரு பகடை, மந்திர எண்ணிக்கைக்கு வேறு நிறத்தில் இன்னொன்று. இது இல்லாமல் ஆடினால் பத்தாவது மந்திரத்தில் நமக்கே கணக்குத் தப்பும், மேசையும் நம்பாது. சுற்று கிடைத்துவிட்டால் ஒருமுறை காட்டிவிட்டு, எத்தனை முறை என்று எண்ணைச் சொல்லி முடித்துவிடுங்கள். இருபது நிமிடம் தனியாக ஆடிக்கொண்டிருப்பவரோடு அடுத்த ஆட்டத்துக்கு யாரும் உட்கார மாட்டார்கள்.

நமக்கு முன் ஆடும் வலப்பக்கத்துக்காரரின் எண்ட் ஸ்டெப்பில் (டர்ன் முடிவில்) நீலம் ஆடுபவர் நிலங்களை விட்டு வைத்திருந்தால், டர்ன்அபவுட்டை அவர்மேல் போட்டு அத்தனையையும் டேப் செய்யலாம். அவர் பதிலுக்குச் செலவழித்தால் அந்தக் கவுன்ட்டர் போயிற்று. செலவழிக்காவிட்டால் மானா போயிற்று. நம் நிலங்கள் அடுத்த நொடியே அன்டேப் ஆகும். இரண்டாவது அன்டேப் கார்டு கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பாலின்க்ரானும் டைம் ஸ்பைரலும் ரிசர்வ்டு லிஸ்டில் இருப்பவை, மறுபதிப்பு வராது. கேண்டலாப்ரா ஆஃப் டாவ்னோஸும் அப்படித்தான், அது இல்லாமலே டெக் ஓடும். பாலின்க்ரானுக்குப் பதில் பெரெக்ரின் டிரேக்கும் டெட்ஐ நாவிகேட்டரும் வைக்கலாம். ஜோடி சேர்ந்துவிட்டால் 2 மானாவுக்கு டிரேக் மேசையை விட்டுப் போய்த் திரும்பி வரும், ஐந்து நிலம் அன்டேப், ஹை டைட் இல்லாமலே சுற்றுக்கு 3 மிச்சம். இறக்கத்தான் இரண்டுக்கும் சேர்த்து 11 மானா. ஆனால் இந்தச் சுற்றில் டிரேக்கைத் திரும்பப் போடுவதில்லை, அதனால் ரெசர்வாயரில் உயிர் ஏறாது. முடிக்க புளூ சன்ஸ் ஜெனித் போன்ற எக்ஸ் கார்டு (கொடுக்கும் மானா அளவுக்குப் பலன் கூடுவது) ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.